நான்கு சானல் கார் ஆம்ப், எட்டு மாதம் ஓட்டிய பிறகு: சிவப்பு லைட்டும் விசில் சத்தமும்

எட்டு மாதமாக என் காரில் ஒரு நான்கு சானல் கிளாஸ் டி ஆம்ப் ஓடுகிறது (பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டிதான் ஆம்ப், கிளாஸ் டி என்பது மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை). முன்னால் ஒரு ஜோடி 6.5 இன்ச் காம்போனென்ட் ஸ்பீக்கர் (உச்ச ஒலிக்கான ட்வீட்டர் தனியாக வருவது), டிக்கியில் ஒரு 10 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்), எல்லாவற்றையும் இந்த ஒரே பெட்டிதான் இழுக்கிறது. பொருத்தியது நானும் என் தம்பியும். பிராண்ட் பெயர் போடாமலே எழுதுகிறேன், ஏனென்றால் இதே அளவில் இதே திறனில் பல பெயர்களில் ஆம்ப் வருகிறது, நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய இரண்டே வாரத்தில் இரண்டு முறை இதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். முதல் முறை சிவப்பு லைட் (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொண்டதற்கான அடையாளம்), இரண்டாம் முறை விசில் சத்தம். இரண்டிலும் ஆம்ப் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைக் கண்டுபிடித்த கதையைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே காரணங்களுக்காக நல்ல ஆம்பைப் பழுது என்று நினைத்து ஓரம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) முகப்பிலேயே 50 வாட் பெருக்கல் 4 என்று எழுதியிருக்கும்போது தனியாக ஆம்ப் எதற்கு என்று தம்பி கேட்டான். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது கிட்டத்தட்ட 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சுத்தமான அலையாகக் கொடுக்க முடிந்தது, உள்ளே துளிகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 26 வாட்டைத் தொடாது. நடைமுறையில் 18, 20 வாட்தான். ஆம்புக்குள் அந்த 14 வோல்ட்டை இன்னும் மேலே ஏற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை இருக்கிறது, வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

இந்த ஆம்பின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 வாட் என்று போட்டிருக்கிறார்கள். அதை மறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் காகிதத்தில் சிஇஏ-2006 என்ற, கார் ஆம்புக்கான பொது அளவீட்டு முறைப்படி அளந்த கணக்கு இருக்கிறது, அதாவது 14.4 வோல்ட்டில், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்தது: 4 ஓமில் சானலுக்கு 75 வாட், 2 ஓமில் 100 வாட், இரண்டு சானலை பிரிட்ஜ் செய்தால் (ஒரே ஸ்பீக்கரை ஓட்டச் சேர்த்து இணைத்தால்) 4 ஓமில் 200 வாட். இது உண்மையா என்று பார்க்க ஆம்பின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸைப் பார்த்தால் போதும். இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ், மொத்தம் 40. நாற்பதை 14.4ஆல் பெருக்கினால் 576 வாட் உள்ளே போகலாம். கிளாஸ் டி என்பதால் சுமார் 80 சதவீதம் வெளியே வரும் என்று வைத்தால் 460. அப்படியானால் மொத்தம் 400 வாட் என்ற காகிதக் கணக்கு நம்பக்கூடியது, 1200 நம்பக்கூடியது அல்ல. எந்த ஆம்ப் வாங்கினாலும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

கூடவே விற்கும் வயர் கிட்டை நான் எடுக்கவில்லை. அதில் இருந்தது 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்), அதுவும் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. வெளியில் பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். போனட்டிலிருந்து டிக்கி வரைக்கும் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 ஆம்பியர் ஓடுகிறது. நல்ல செம்பில் 8 கேஜ் வயர் வழியில் 0.3 வோல்ட் தின்னும், அலுமினியம் கலந்தது கிட்டத்தட்ட அரை வோல்ட் தின்னும், 4 கேஜ் சுத்தச் செம்பு 0.12 வோல்ட்டோடு நின்றுவிடும். நான் 4 கேஜ் செம்பு போட்டேன். வயரில் மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு பேஸ் அடிக்கும்போது ஆம்புக்கு வோல்டேஜ் இறங்குகிறது என்று கெப்பாசிட்டர் தேடிப் போவார்கள், அதற்கு முதலிலேயே தடிமனான வயர் போட்டிருக்கலாம்.

பொருத்தும் வேலை ஒரு முழு நாள். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தோம். பாசிட்டிவ் வயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு மெயின் ஃபியூஸ் வந்தே ஆக வேண்டும், இதில் சமரசம் கூடாது. ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும், நடுவில் எங்காவது வயர் தேய்ந்து தகட்டில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது இந்த முன்பக்க ஃபியூஸ் மட்டும்தான். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டின் ஓட்டையில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் கிராமெட் போட்டோம். பவர் வயர் ஒரு பக்க வாசல் ஓரமாகவும், ஹெட் யூனிட்டின் பாட்டுச் சிக்னலை ஆம்புக்குக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள் மறுபக்கமாகவும் போனது. ரிமோட் வயர் (ஹெட் யூனிட்டைப் போட்டதும் ஆம்பையும் விழிக்கச் சொல்லும் வயர்) ஆர்சிஏ கூடவே வந்தது, அதில் ஓடும் கரன்ட் ரொம்பக் குறைவு, பிரச்சினை இல்லை.

எர்த் (ஆம்பின் நெகட்டிவ் வயரைக் காரின் உடல் தகட்டில் இணைப்பது) விஷயத்தில் மட்டும் அவசரப்படாமல் ஒரு மணி நேரம் செலவழித்தோம். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கினால் பின் சக்கர மேட்டுக்குப் பக்கத்தில் தடிமனான தகடு இருக்கிறது. கீழே பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ ஓடவில்லை என்று தம்பி காருக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் டிரில்லைத் தொட்டேன். சீட் பெல்ட் போல்ட் வசதியாகப் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அதில் எர்த் கொடுக்கக் கூடாது, உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட் அது. உப்புத்தாளை மடித்து ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாகத் தேய்த்தோம். முதலில் மேல் பெயின்ட் பொடியாக வந்தது, பிறகு சாம்பல் நிறப் பிரைமர், அதுவும் போய் வெள்ளி மாதிரி மின்னும் தகடு தெரியும் வரை தேய்த்தோம். நிறைய பேர் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் தகடு வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள், பிரைமரில் கரன்ட் ஓடாது. லக்கை (வயர் முனையில் உள்ள உலோக வளையத்தை) வைத்து, பல் வாஷர் போட்டு, இறுக்கி, அதன் மேல் துரு பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் பெயின்ட் பூசிவிட்டோம். வயரின் நீளம் 40 சென்டிமீட்டர், பாசிட்டிவில் போட்ட அதே 4 கேஜ்.

ஆம்பின் டெர்மினல்களைப் பற்றி இங்கேயே ஒரு குறை. 4 கேஜ் நுழையும் என்று எழுதியிருக்கிறார்கள், நுழைகிறது, ஆனால் கொஞ்சமும் இடம் மிச்சமில்லை. ஒரு இழை வெளியே துருத்திக்கொண்டு நின்றது, பக்கத்து டெர்மினலுக்கும் அதற்கும் நூல் அளவு இடைவெளி. அதை வெளியே எடுத்து, முனையில் ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) அழுத்தி, மறுபடி நுழைத்தேன். ஃபெர்ரூல் இல்லாமல் இந்த ஆம்பில் வயர் போடாதீர்கள்.

மாலையில் எல்லாம் முடிந்து ஹெட் யூனிட்டைப் போட்டோம், நீல லைட் வந்தது, பாட்டு வந்தது. வால்யூம் 12இல் நன்றாகவே பாடியது. 20க்கு ஏற்றினேன், டிரம் ஒரு அடி அடித்தது, ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் மௌனம். பின்னாலிருந்து தம்பி, “அண்ணா, சிவப்பு எரியுது” என்றான். அணைத்துப் போட்டால் மறுபடி நீலம், மறுபடி பாட்டு, மறுபடி 20ஐ நெருங்கும்போது சிவப்பு.

சிவப்பு லைட் வந்தால் பயந்து ஆம்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வயர் முழுவதையும் பிடுங்கிவிடுங்கள், ஆர்சிஏவையும் பிடுங்குங்கள். பவர், எர்த், ரிமோட் மூன்று மட்டும் இருக்கும் நிலையில் ஆம்பைப் போடுங்கள். அப்போதும் சிவப்பு என்றால் பேட்டரி வோல்டேஜைப் பார்க்க வேண்டும், அது சரியாக இருந்தால் உள்ளே பழுது, பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும், அது ரிப்பேர்காரர் வேலை. நீலம் வந்தால் ஆம்ப் நன்றாக இருக்கிறது, பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிக்கொண்டே வர வேண்டியதுதான், எதை மாட்டியதும் சிவப்பு வருகிறதோ அந்த வழியில் கோளாறு. கதவுக்குள் ஸ்பீக்கர் வயர் நசுங்கி பாடியில் பட்டிருக்கலாம், டெர்மினலில் ஒரு இழை தாவியிருக்கலாம்.

எனக்கு முன் ஸ்பீக்கர் இரண்டையும் மாட்டி வால்யூம் 30 வரை போனேன், ஒன்றும் ஆகவில்லை. சப் மாட்டியதும் சிவப்பு. சப்பின் இரண்டு முனையில் மல்டிமீட்டரை வைத்தேன், 1.8 ஓம். அப்போதுதான் புரிந்தது. என் சப்பில் இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம், இரண்டையும் பேரலலாக இணைத்திருந்தேன், ஆக மொத்தம் 2 ஓம். மீட்டரில் வருவது டிசி தடை என்பதால் எழுதிய அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். தனிச் சானலுக்கு 2 ஓம் தாங்கும் என்று படித்ததை மனதில் வைத்துக்கொண்டு பிரிட்ஜுக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சானலுக்கும் அந்த லோடு பாதியாகத்தான் தெரியும். 2 ஓம் சப், ஆம்பின் கண்ணுக்கு 1 ஓம். மெல்லப் பாடும்போது சமாளித்தது, பேஸ் ஏறியதும் கரன்ட் எல்லை தாண்டியது, தன்னைத்தானே மூடிக்கொண்டது. அன்று பத்துப் பன்னிரண்டு முறையாவது இப்படி மூடியிருக்கும், ஒரு முறைகூட எதுவும் எரியவில்லை. இந்த ஆம்பின் பாதுகாப்புச் சர்க்யூட்டுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

தீர்வு காயில் இரண்டையும் சீரிஸாக மாற்றுவது, 8 ஓம் ஆகிவிடும். வாட் குறையுமே என்று எனக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் கணக்குப் போட்டால், 8 ஓமில் பிரிட்ஜ் என்பது ஒவ்வொரு சானலுக்கும் 4 ஓம், 75ம் 75ம் சேர்ந்து 150 வாட். 200க்கும் 150க்கும் காதில் விழும் வித்தியாசம் 1.25 டெசிபல், அவ்வளவுதான். ஆம்பும் குளிர்ச்சியாக ஓடும். இப்போது வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது, குறையாக ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்தது கெயின். இது வால்யூம் திருகு அல்ல என்று எல்லோரும் சொல்லுவார்கள், ஆனாலும் கை அங்கேதான் போகும். ஹெட் யூனிட் அனுப்பும் சிக்னல் 2 வோல்ட்டா 4 வோல்ட்டா என்பதற்கு ஏற்ப ஆம்பைப் பழக்குவதுதான் கெயின். அதை முழுக்கத் திருப்பினால் 75 வாட் 150 ஆகிவிடாது, அதே 75 வாட்டை வால்யூம் 15லேயே எட்டிவிடும், அதற்கு மேல் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். முழுக்கத் தட்டையான அலையில் அதே உயரமுள்ள சாதாரண அலையைவிட இரண்டு மடங்கு பவர் இருக்கிறது, வாய்ஸ் காயில் சூடேறுவது அதனால்தான். ட்வீட்டர் முதலில் போவதும் இதனால்தான், தலை வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்கள் புதிதாக முளைத்து நேராக ட்வீட்டருக்குப் போகின்றன.

நான் வைத்த முறை இதுதான். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். முன் சானலுக்கு 75 பெருக்கல் 4, அதாவது 300, அதன் வர்க்கமூலம் 17.3 வோல்ட். சப்புக்கு 150 பெருக்கல் 8, 1200, வர்க்கமூலம் 34.6 வோல்ட், பிரிட்ஜ் என்பதால் சரியாக இரண்டு மடங்கு. எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றி, ஹெட் யூனிட்டில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர், லவுட்னெஸ் அத்தனையும் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பில் பேஸ் பூஸ்டை அணைத்து, ஃபில்டரை ஃபுல்லில் (எந்த அதிர்வெண்ணையும் வெட்டாமல்) போட்டு, வால்யூமை 40க்கு 30இல் நிறுத்தினேன். பென் டிரைவில் முழு அளவில் பதிவான டெஸ்ட் டோன், முன்பக்கத்துக்கு 400 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50 ஹெர்ட்ஸ். முன்பக்கத்துக்கு எல்லோரும் 1000 ஹெர்ட்ஸ் சொல்வார்கள், ஆனால் சாதாரண மீட்டர் பலவும் ஏசியை 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பிக்கையாகக் காட்டும், உங்கள் மீட்டரின் காகிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மீட்டரை ஏசியில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்துக்கொண்டு, கெயினைக் கீழே இருந்து மெதுவாக ஏற்றி, எண் வந்ததும் நிறுத்த வேண்டும், அப்புறம் அதைத் தொடவே கூடாது.

இங்கே இந்த ஆம்பின் இரண்டாவது குறை தெரிந்தது. கெயின் திருகு ஓட்டைக்குள் ஆழமாக, சின்ன மைனஸ் ஸ்க்ரூடிரைவரால் மட்டும் தொடக்கூடியதாக இருக்கிறது, படிப்படியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. 16.8 காட்டும், ஒரு மயிரிழை திருப்பினால் 18.5க்குத் தாவும். நான்கைந்து முயற்சியில்தான் 17.2இல் நின்றது. பக்கத்திலேயே அதே அளவில் பேஸ் பூஸ்ட் திருகு, டார்ச் இல்லாமல் எது எது என்று தெரியாது. ஒரு தடவை டிக்கியில் சாமான் ஏற்றும்போது பை உரசி பேஸ் பூஸ்ட் சுவிட்ச் மாறிவிட்டது, இரண்டு நாள் சப் ஏன் இப்படிக் குமுறுகிறது என்று தேடினேன். மேலே ஒரு மூடி கொடுத்திருக்கலாம்.

கிராஸ்ஓவரின் (எந்த அதிர்வெண் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் ஃபில்டரின்) குறிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். முன் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேல் மட்டும் விடுவது), சப்புக்கு லோ பாஸ் 80 (அதற்குக் கீழ் மட்டும் விடுவது) என்று வைக்கத்தான் நினைத்தேன். அதையும் மீட்டரிலேயே சோதிக்க முடியும். 40 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு சப் டெர்மினலில் 20 வோல்ட் வருமாறு வால்யூமை வைத்துக்கொண்டு, டோனை மட்டும் 60, 70, 80 என்று மாற்றிப் போனால் எண் இறங்கிக்கொண்டே வரும், எங்கே 14.1 ஆகிறதோ அதுதான் உண்மையான வெட்டுப் புள்ளி. திருகு 80இல் இருக்க எனக்கு அது 95இல் வந்தது. பெண் குரலுக்குக் கீழே ஒரு கனம், ஆண் குரல் டிக்கியிலிருந்து வருவது போல ஒரு உணர்வு இருந்தது இதனால்தான். திருகை 65க்குப் பக்கத்தில் இறக்கிய பிறகு பேஸ் முன்னால் வந்து உட்கார்ந்தது. காரின் டிக்கியில் சப் இருப்பதையே மறக்கும் அளவுக்கு அது சேர்ந்துவிட்டது, எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த தருணம் அதுதான்.

இப்போது விசில். இதெல்லாம் முடிந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன், ட்வீட்டரில் மெல்லிய ‘ஈஈ’ என்ற சத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஆல்டர்னேட்டரின் அலை ஆடியோவில் நுழைகிறது என்பது உறுதி, எஞ்சின் வேகத்தோடு சுதி மாறுவதே அதற்கு அடையாளம். வால்யூமைப் பூஜ்யம் ஆக்கினாலும் சத்தம் அதே அளவு இருந்தது. எர்த்தைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள், நானும். ஓம் மீட்டரில் எர்த்தை அளப்பதில் பயனில்லை, மீட்டர் வயரே 0.3 ஓம் காட்டுகிறது. அதற்குப் பதில் பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் டிசி வோல்ட் பார்த்தேன், நீளமான வயர் ஒன்றைத் தம்பி முன்னால் பிடித்துக்கொண்டான். 0.05 வோல்ட். அருமையான எர்த், உப்புத்தாளுக்குச் செலவிட்ட நேரம் வீண் போகவில்லை.

ஆம்பில் ஆர்சிஏவை உருவினேன், நிசப்தம். அப்படியானால் சத்தம் ஆம்புக்கு முன்னாலிருந்து வருகிறது. ஃபோனை, சார்ஜரில் இல்லாமல், ஒரு கேபிளால் நேராக ஆம்பில் சொருகினேன், பாட்டு சுத்தமாக வந்தது, விசில் இல்லை. வேறொரு ஆர்சிஏ கேபிளை சீட்டுகளின் மேலேயே போட்டு ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்கு இழுத்தேன், விசில் திரும்ப வந்தது. எனவே கேபிள் போன வழியும் காரணமில்லை. மிச்சம் ஹெட் யூனிட் மட்டும்தான். அதை வெளியே இழுத்து, ஆர்சிஏ சாக்கெட்டின் வெளிவளையத்தில் மீட்டரின் ஒரு முனை, ஹெட் யூனிட்டின் உலோக உடலில் மறுமுனை. பீப் வர வேண்டும். வரவில்லை. ஒரு துண்டு வயரை ஆர்சிஏ வளையத்தில் சுற்றி மறுமுனையை உடலில் தொட்டேன், தொட்ட நொடியில் விசில் நின்றது, எடுத்தால் வந்தது.

இது ஏன் ஆனது என்பதுதான் முக்கியம். சிவப்பு லைட்டோடு போராடிய அன்று, ஆம்பை ஒருமுறை தூக்கிப் பார்க்க எர்த் வயரை முதலில் கழற்றினேன். மெயின் ஃபியூஸ் போட்டபடியே இருந்தது, ஹெட் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்சிஏ சொருகியே இருந்தது. எர்த் போன ஆம்ப், பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடியது, அந்த மெல்லிய ஆர்சிஏ உறை வழியாக ஹெட் யூனிட்டுக்குள் போனது, அங்கே தலைமுடி அளவுள்ள டிராக் அதைத் தாங்காமல் அறுந்தது. பல ஹெட் யூனிட்டுகளில் இந்த இடத்தில் ஒரு சின்ன ஃபியூஸே இருக்கும், அது போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. ஆம்பின் எர்த்தை எப்போதும் முதலில் மாட்ட வேண்டும், கடைசியில் கழற்ற வேண்டும், எதைத் தொடும் முன்பும் மெயின் ஃபியூஸை உருவிவிட வேண்டும். ஆம்போடு வந்த கையேட்டில் பாசிட்டிவ் வயர் எங்கே போகும் என்று வண்ணப்படம் போட்டிருக்கிறார்கள், இந்த வரிசையைப் பற்றி ஒரு வரி இல்லை, அதுதான் எனக்கு இந்தத் தயாரிப்பின் மேல் உள்ள பெரிய வருத்தம்.

டிராக்கை ஒரு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஜம்பர் வைத்துச் சரிசெய்து கொடுத்தார். அதற்கு முன் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். அது விசிலை மறைக்கும், ஆனால் உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சாதாரணமானவற்றில் கீழ் பேஸ் மெலிந்துவிடும். காரணம் தெரியும்போது அது தேவையில்லை.

சூட்டைப் பொறுத்தவரை புகார் இல்லை. சீட்டுக்கடியில் விரிப்பு மூடாத இடத்தில் வைக்கலாம், சப் பெட்டியின் மேல் மட்டும் திருகாதீர்கள், அதிர்வில் உள்ளே சாலிடர் விடும். வெயிலில் நின்ற காரில் மூன்று மணி நேரம் ஓட்டியும் கை வைக்க முடிகிற சூடுதான்.

ரிமோட் வயரை மட்டும் ஹெட் யூனிட்டின் ரிமோட் அவுட்டிலிருந்தே எடுங்கள். நண்பர் ஒருவர் இதே மாதிரி ஆம்புக்கு அதை எப்போதும் கரன்ட் இருக்கும் வயரில் கொடுத்திருந்தார், பாட்டு ஓடாதபோதும் அவருடைய ஆம்ப் 0.9 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே நாளில் படுத்துவிட்டது, பேட்டரி பழுது என்று புதிது மாற்றி, அதுவும் படுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

ஒலி எப்படி என்று கேட்டால், இந்த அளவு பெட்டியிலிருந்து இவ்வளவு தெளிவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்து, பாட்டையும் நிறுத்தி, ட்வீட்டரில் காது வைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ உண்டு, ஓட்டுநர் சீட்டிலிருந்து கேட்காது. கடம், மிருதங்கம் போன்றவற்றில் தட்டின் முனை மழுங்காமல் வருகிறது, வால்யூம் 28 வரை குரல் கிழியவில்லை. இரட்டை 4 ஓம் காயில் சப் வைத்துக்கொண்டு அதிலிருந்து கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டும் என்பவருக்கு இது வேண்டாம், அவர் 2 ஓமில் ஓடும் மோனோ ஆம்ப் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே பெட்டியில் முன்பக்கமும் ஒரு சப்பும் போதும் என்பவர் தாராளமாக எடுக்கலாம். டெர்மினல் ஸ்க்ரூ இந்த எட்டு மாதத்தில் இரண்டு முறை கால் சுற்று அளவுக்குத் தளர்ந்திருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியும் தன் காருக்கு இதே மாடலையே வாங்கிவிட்டான். அவனுடையது ஒற்றைக் காயில் 4 ஓம் சப், அதனால் 200 வாட் முழுதாகக் கிடைக்கும், கெயினை 28.3 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை பொருத்துகிறோம், இந்த முறை எர்த் லக் கையில் எடுக்கும் முன்பே மெயின் ஃபியூஸ் என் சட்டைப்பையில் இருக்கும்.